பண்டாரவளையில நட்ட நெலு ஏன் காஞ்சு போச்சு?

தங்கச்சி, உங்க கேள்விய ரெண்டு தடவ வாசிச்சேன். "நெலு செடிக்கு என்ன உரம் போடணும்"னுதான் கேட்டிருக்கீங்க, நெலுன்னா நம்ம இலங்கை மலைக்காட்டுல பல வருஷத்துக்கு ஒருக்கா கூட்டமா பூக்கிற செடி. ஆனா அதுக்கு மேல நீங்க எழுதியிருக்கிறதப் பார்த்தா உங்க பிரச்சினை உரமே இல்ல. 2025ல நெலு பூத்த நேரம் பட்டிப்பொல பக்கம் போயிருக்கீங்க, ரோட்டோரத்துல ஆள் உயரத்துக்கும் மேல ஊதாப் பூவோட நின்ன செடிய பார்த்து ஆசப்பட்டு ஒன்ன வேரோடயும், கூட நாலஞ்சு கொம்பும் பண்டாரவளைக்கு கொண்டு வந்து, முன்வாசல்ல நல்ல வெயில் படுற ரோஸ் பாத்தியில டொலமைட் சுண்ணாம்புப் பொடி கலந்து நட்டு, ரோசுக்கு போடுற உரத்தயே போட்டு, காலையும் மாலையும் தண்ணி ஊத்தி, மூணு கிழமையில எல்லாம் கருகிப் போச்சு. இப்ப உங்களுக்கு தெரிய வேண்டியது ரெண்டு விஷயம். ஒன்னு, அது ஏன் செத்துச்சு. ரெண்டு, நெலுவ வீட்டுத் தோட்டத்துல வளக்கவே முடியாதா. ரெண்டுக்கும் எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன், அப்பதான் எத நம்பலாம் எத நம்பக்கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம். நான் தாவரவியல் படிச்சவன் இல்ல. நானு ஓயா பக்கம் ஒரு தோட்டத்துல தேயிலை நர்சரியில கட்டிங் போடுற, அதாவது கொம்பு வெட்டி நட்டு நாத்தாக்குற வேலையில ஆரம்பிச்சு இருபத்தாறு வருஷம் மண்ணோடயும் நாத்தோடயும் இருந்தவன். எங்க தோட்டத்துக்கு மேல காடு, அந்தக் காட்டுல நெலு. சின்ன வயசுல வெறகுக்கு போறப்பவே பார்த்துப் பழகின செடி. அதனால செடி எப்படி பிழைக்கும், எப்படி சாகும்ங்கிறத நான் கண்ணால கண்டத வச்சு சொல்றேன், பேரு, கணக்கு, காரணமெல்லாம் பிறகு வாசிச்சு தெரிஞ்சுக்கிட்டது.

முதல் விஷயம், மனசு கஷ்டப்படாதீங்க, வேரோட கொண்டு வந்த செடிய நீங்க கொல்லல. அது ஏற்கனவே சாகப் போற செடி. நெலு வருஷக்கணக்கா இலையும் தண்டுமா வளர்ந்துகிட்டே இருக்கும், ஒரு பூவும் வராது, பிறகு ஒரு வருஷம் உடம்புல இருக்கிற எல்லாத்தயும் கொட்டி ஒரேயடியா பூக்கும், விதை கட்டும், அதோட வேர் வரைக்கும் காஞ்சு போயிடும். வாழை மரம் குலை தள்ளினதும் முடிஞ்சுடுற மாதிரிதான், வித்தியாசம் என்னன்னா வாழைக்கு பக்கத்துல கன்னு இருக்கும், நெலுவுக்கு விதைதான் கன்னு. நீங்க பூவோட பார்த்த செடி அதோட கடைசி வேலைய செஞ்சுகிட்டு இருந்திருக்கு. அத எங்க நட்டாலும், எந்த உரம் போட்டாலும், அடுத்த வருஷம் அது இருக்காது. மூணு கிழமைங்கிறது மட்டும்தான் உங்க வெயிலும் உரமும் செஞ்ச வேலை, இல்லாட்டி இன்னும் சில மாசம் இழுத்திருக்கும். கொம்புகளும் அதே கதைதான். நர்சரியில முதல் நாளே சொல்லிக் குடுக்கிற பாடம், மொட்டு வச்ச கொப்புல கட்டிங் எடுக்காதேன்னு. பூவுக்கு போயிட்ட கொம்பு வேர் விடுறதுக்கு மனசு வைக்காது.

அடுத்தது பேரு. நெலுங்கிறது சிங்களப் பேரு, அது ஒரு செடியோட பேரும் இல்ல, ஒரு குடும்பத்துக்கே பொதுப் பேரு. புத்தகத்துல ஸ்ட்ரோபிலாந்தஸ்னு போடுவாங்க, கூம்பு மாதிரி பூன்னு அர்த்தம், மொட்டுக் கொத்த கையில எடுத்துப் பார்த்தீங்கன்னா ஏன்னு வெளங்கும். இலங்கையில மட்டும் முப்பது வகைக்கு கிட்ட இருக்கு, அதுல பெரும்பாலானது உலகத்துல வேற எங்கயும் இல்லாதது. ஹோட்டன் சமவெளி, ஹக்கல, பிதுருதலாகல, சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ், எல்லா இடத்துலயும் உண்டு, ஆனா ஒரே நெலு இல்ல. ஊதா, நீலம், வெள்ளை, ரோஸ்னு பூ மாறும், சிலது இடுப்பளவு, சிலது ரெண்டு மூணு மீட்டர், சிலதோட இலைய தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டும். எல்லாத்துலயும் பொதுவா நான் பார்க்கிறது தண்டுல இருக்கிற கணு, நம்ம முழங்கால் மூட்டு மாதிரி வீங்கி இருக்கும், இலை எதிரெதிரா ரெண்டு ரெண்டா வரும்.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உங்க தப்பு இங்கதான் ஆரம்பிச்சிருக்கு. "குறிஞ்சிக்கு முழு வெயில் வேணும்னு ஒரு இடத்துல வாசிச்சேன், அதனால வெயில்ல வச்சேன்"னு எழுதியிருக்கீங்க. வாசிச்சது சரியாத்தான் இருக்கும், ஆனா அது மூணாறு, ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து நீலக்குறிஞ்சிக்கு. அதுவும் பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்கிற செடிதான், 2006லயும் 2018லயும் மலையே நீலமாப் பூத்துச்சு. நெலுவுக்கு ஒன்னுவிட்ட சொந்தம், ஒரே குடும்பம், ஆனா அந்த வகை இலங்கையில இல்ல. நீலக்குறிஞ்சி புல்வெளிச் சரிவுல வெட்டவெளியில வளர்ற செடி. நம்ம நெலு காட்டுக்குள்ள, மரத்துக்கு அடியில வளர்ற செடி. நம்ம ஆளுங்களும் பத்திரிகைக்காரங்களும் ரெண்டையும் குறிஞ்சின்னே எழுதுறதால வர்ற குழப்பம் இது. பேருல எனக்கு கோவம் ஒன்னும் இல்ல, நம்ம மலையும் குறிஞ்சி நிலம்தானே, ஆனா அந்த ஊர் குறிப்ப வச்சு இந்த ஊர் செடிய நட்டா இப்படித்தான் ஆகும்.

பன்னெண்டு வருஷக் கணக்கு பத்தியும் கேட்டிருந்தீங்க. ஹோட்டன் சமவெளியில 2013ல பெருசா பூத்துச்சு, சரியா பன்னெண்டு வருஷம் கழிச்சு மறுபடி 2025ல. எங்க தோட்டத்து காட்டோரத்துலயும் இதே ரெண்டு வருஷம்தான், அத நானே பார்த்தேன். அதனால அங்க அதிகமா இருக்கிற வகைகளுக்கு பன்னெண்டுங்கிறது நம்பக்கூடிய கணக்கு. ஆனா "நெலுன்னா பன்னெண்டு"ன்னு எல்லாத்துக்கும் சேர்த்து சொல்றது சரியில்ல. ஒரு வகைக்கு செக்ஸென்னிஸ்னே பேரு வச்சிருக்காங்க, ஆறு வருஷத்துக்கு ஒருக்காங்கிற அர்த்தத்துல. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா பூக்கிற வகைகளும் இருக்கு. ஒரே வகைக்குள்ளயும் கணக்கு தப்பின செடி ஒன்னு ரெண்டு இருக்கும், நடு வருஷத்துல காட்டுக்குள்ள தனியா ஒன்னு பூத்துகிட்டு நிக்கும், கல்யாணத்துக்கு நாள் மாறி வந்தவன் மாதிரி.

எல்லாம் ஒன்னா பூக்கிறது ஏன்னு கேட்டா, பெரும்பாலான ஆராய்ச்சிக்காரங்க சொல்ற காரணம் விதைதான். வருஷா வருஷம் கொஞ்சமா விதை போட்டா கோழியும் எலியும் பூச்சியும் ஒன்னு விடாம தின்னுடும். பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மலை முழுக்க ஒரே நேரத்துல கொட்டினா எவ்வளவு தின்னாலும் மிச்சம் கிடக்கும். மூங்கிலும் இதே வேலையத்தான் செய்யுது. இது நல்ல காரணமாத்தான் படுது எனக்கு. ஆனா கடிகாரமோ காலண்டரோ இல்லாத செடி பன்னெண்ட எப்படி எண்ணுதுங்கிறது இன்னும் யாருக்கும் முழுசா பிடிபடாத விஷயம்.

கோழின்னதும் ஒன்னு ஞாபகம் வருது. நெலு விதை விழுற காலத்துல காட்டுக்கோழி கீழ்க்காட்டுல இருந்தெல்லாம் மேல வந்து கூடிடும், விதைய தின்னு மயங்கி தள்ளாடும்னு எங்க தாத்தா சொல்லுவார். 1850 வாக்குல நுவரெலியாவுல குடியிருந்த சாமுவேல் பேக்கர்ங்கிற வெள்ளக்காரரும் கிட்டத்தட்ட இதத்தான் எழுதி வச்சிருக்கார். கோழி கூடுறது உண்மை, நானே பார்த்திருக்கேன். மயங்கித் தள்ளாடுறத நான் பார்த்ததில்ல. பசியில்லாத கோழி மெத்தனமா திரியுறதத்தான் தாத்தா அப்படி சொன்னாரோ என்னவோ. தேனீ விஷயம் மட்டும் சந்தேகமே இல்ல, பூத்த வருஷம் காடே இரைஞ்சுகிட்டு இருக்கும், தேனும் அந்த வருஷம் நிறைய.

சரி, செடிக்கு வருவோம். நெலுவுக்கு என்ன வேணும்ங்கிறத கடையில கேக்கிறத விட காட்டுல போய் பார்க்கிறது லேசு. பட்டிப்பொல ஸ்டேஷனே 1,890 மீட்டர், நாட்டுலயே உயரமான ரயில் ஸ்டேஷன் அதுதான். அங்கருந்து மேல ஹோட்டன் சமவெளி 2,100 மீட்டர தாண்டும். பகல்ல கூட பதினஞ்சு டிகிரி பக்கம்தான், மார்கழி தை மாசத்துல ராத்திரி வெட்டவெளிப் புல்லுல உறைபனி விழும். கவனிங்க, புல்லுலதான் விழும். காட்டுக்குள்ள மேல மரம் கூரை மாதிரி மூடியிருக்கிறதால உறைபனி கீழ இறங்காது. நெலு இருக்கிறது அந்தக் கூரைக்கு அடியில. கீன மரம், காட்டு நாவல் சாதி மரமெல்லாம் முறுக்கி முறுக்கி குட்டையா நிக்கும், கொப்பு முழுக்க பாசியும் தாடி மாதிரி தொங்குற லைக்கனும், அதுக்கு கீழ நெலு நெருக்கமா, ஆள் நுழைய முடியாத மாதிரி. வெயில் கீழ வர்றப்போ சல்லடையில அரிச்ச மாதிரி துண்டு துண்டாத்தான் வரும்.

கைய மண்ணுல விட்டுப் பாருங்க. மேல ஒரு விரல் அளவுக்கு மக்காத இலை, அதுக்கு கீழ கறுப்பா, கேக் மாதிரி உதிர்ற மக்கு, அதுல வெள்ளை நூல் மாதிரி பூஞ்சணம் ஓடும், மணம் வந்து மழைக்கு பிறகு தேயிலைத் தூருக்கு அடியில வருமே அந்த மணம். பிழிஞ்சா ஈரம் கைல ஒட்டும், ஆனா தண்ணி சொட்டாது. அதுதான் சூத்திரமே. எப்பவும் ஈரம், எப்பவும் வடிகால். மழை இல்லாத நாள்லயும் பனிமூட்டம் வந்து மர இலையில பட்டு சொட்டு சொட்டா விழுந்துகிட்டே இருக்கும், கொடைய மடக்கினவன் மரத்தடியில போய் நனைஞ்ச கதை அங்க சகஜம். அந்த மண் புளிப்பு மண். நம்ம தேயிலைக்கு பிஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும் நல்லதுன்னு சொல்லுவாங்க, நெலுவையும் அந்த வகையில வச்சுக்கோங்க. நீங்க என்ன செஞ்சிருக்கீங்க, டொலமைட் போட்டு அந்தப் புளிப்ப எடுத்துட்டீங்க. மரக்கறித் தோட்டத்துக்கு அது சரி, இதுக்கு விரோதம். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான், யாராவது சொன்னாங்கன்னு போட்டுடாதீங்க.

உரம் பத்தி இப்ப சொல்றேன், கேட்டது அதுதானே. காட்டுச் செடிக்கு ரசாயன உரம் வேணாம். மக்கின இலைதான் அதோட சாப்பாடு. வேர் மேலாக்கவே ஓடும், ஆழத்துக்கு போகாது, அந்த மெல்லிய வேர் மேல ரோஸ் உரத்த கொட்டினா உப்பு ஏறி நுனி கருகும். இலை ஓரம் முதல்ல பழுப்பாகி உள்ள நோக்கி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த அடையாளம் உரம் கூடினதுக்கும் பொருந்தும், காத்து வறட்சிக்கும் பொருந்தும். எது முந்திச்சுன்னு இங்க இருந்துகிட்டு என்னால பிரிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும்.

ஏன்னா பண்டாரவளை காத்து லேசுப்பட்டதில்ல. உங்க ஊர் 1,200 மீட்டர் பக்கம், பட்டிப்பொலய விட 700 மீட்டர் கீழ. நூறு மீட்டர் இறங்கினா அரை டிகிரிக்கு மேல சூடு கூடும், ஆக மொத்தம் நாலு டிகிரி வித்தியாசம். நாலு டிகிரிய நிழலும் தண்ணியும் குடுத்து சமாளிச்சிடலாம். சமாளிக்க முடியாதது ஆடி ஆவணியில உங்க ஊவா மாகாணப் பக்கம் அடிக்கிற அந்தக் காஞ்ச காத்து. அந்தக் காத்துலதான் ஊவாத் தேயிலைக்கு பேர்போன வாசம் ஏறுது, அதே காத்து நெலு இலைய ஒரே நாள்ல சுருட்டிடும். நெலு இலை மெல்லிசு, தேயிலை மாதிரி மெழுகு பூசின இலை இல்ல.

இப்ப வளக்க முடியுமாங்கிற கேள்வி. முடியும்னு எனக்கு தெரியும், ஏன்னா வளத்திருக்கேன். ஆனா பூக்க வச்சிருக்கேனான்னா இல்ல, அதையும் சொல்லிடுறேன். 2013ல பூத்து முடிஞ்சு அடுத்த வருஷ ஆரம்பத்துல, எங்க தோட்டத்து எல்லைக்குள்ளயே ஆத்தோரமா விட்டு வச்சிருந்த காட்டுத் துண்டுல, தொரகிட்ட, அதாவது தோட்ட மேனேஜர்கிட்ட கேட்டுட்டுத்தான், காஞ்ச கொத்து நாலு ஒடிச்சு பேப்பர் பையில போட்டு வீட்டுல ஜன்னலோரம் வச்சேன். மத்தியானம் வெயில் பட்டதும் பைக்குள்ள டப், டப்னு சத்தம், பல்லி கிடக்குதாக்கும்னு பொண்டாட்டி பைய தூக்கி வெளிய வச்சிட்டா. பல்லி இல்ல, காய் வெடிக்கிற சத்தம். காய் காஞ்சதும் ரெண்டாப் பிளந்து விதைய தூர எறியும். விதை தட்டையா, மிளகுல பாதி அளவுக்கு, ஒரு காயில நாலுக்கு மேல இருக்காது. நான் எடுத்த வகையில தண்ணி பட்டதும் ஃபலூடாவுல மிதக்கிற கசகசா மாதிரி சுத்தி வழுவழுன்னு ஒன்னு கிளம்பி மண்ணுல ஒட்டிக்கிச்சு.

தேயிலை நர்சரி பழக்கத்துலயே செஞ்சேன். காட்டோரத்து மேல்மண்ணும் மக்கின இலையும் பாதிக்கு பாதி, சின்ன பொலித்தீன் பை, விதைய ஆழமா புதைக்காம மேலாப்புல வச்சு ஒரு சிட்டிகை மண், மேல கெக்கில்லங்கிற காட்டுப் பன்னத்த குத்தி நிழல். பாதிய நிழல்லயும் பாதிய வெளியயும் வச்சுப் பார்த்தேன், வெளிய வச்சது முளைச்சு நாலு இலை வந்து ஒரு வெயில்ல போயிடுச்சு. நிழல்ல இருந்தது முதல் வருஷம் ஒரு சாண் கூட வளரல, செத்துடுச்சோன்னு நினைக்கிற மாதிரி சும்மா நிக்கும், ரெண்டாவது வருஷத்துக்கு பிறகுதான் கிளம்புச்சு. வீட்டுக்கு பின்னால கிழக்குப் பார்த்த மண் கரை, மேல முள்முருக்கு நிழல், பக்கத்துல பீலித் தண்ணி வழிஞ்சு ஓடுற கானு. 2019ல அது சமையலறை ஜன்னல மறைச்சுது. அதுக்கு அடுத்த வருஷம் கானு அகலமாக்குறோம்னு ஆளுங்க வந்து கரையோட சேர்த்து வெட்டிட்டாங்க, நான் வேலைக்கு போயிருந்த நேரம். கேட்டா, காடுதானே வளந்திருந்துச்சுன்னு சொன்னாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது, பூ இல்லாத நெலுவ பார்த்தா அப்படித்தான் தெரியும். அதனால விதையில இருந்து பூ வரைக்கும் முழுசா ஒரு சுத்து நான் வீட்டுல பார்த்ததில்ல. வீட்டுத் தோட்டத்துல தனியா வளர்ற செடி காட்டுல இருக்கிறதோட சேர்ந்து அதே வருஷம் பூக்குமாங்கிறதுக்கு என் கையில சாட்சி கிடையாது.

அதனால நீங்க மறுபடி செய்யப் போறீங்கன்னா இப்படி செய்ங்க. முன்வாசல விட்டுடுங்க. வீட்டுக்கு கிழக்கயோ வடக்கயோ, காலை வெயில் ஒரு மணி ரெண்டு மணி நேரம் மட்டும் பட்டு பிறகு நிழல் விழுற, சுவரோ வேலியோ காத்த மறிக்கிற இடமா பாருங்க. மேல மரம் இல்லாட்டி நிழல் வலை கட்டலாம். குழி ஆழமா வேணாம், அகலமா ஒரு முழம், பழைய மண்ண எடுத்துட்டு மக்கின இலை மக்கு நிறைய, ரோஸ் பாத்தி மண் ஒரு கை கூட கலக்காம. நட்ட பிறகு மேல நாலு விரல் கனத்துக்கு காஞ்ச இலை போட்டு மூடி வைங்க, அது மக்க மக்க மேல போட்டுகிட்டே இருங்க, அதுதான் உங்க உரம். வேருக்கு வாளித் தண்ணி ஊத்துறத விட, காஞ்ச மாசத்துல காலையும் மாலையும் இலைக்கும் சுத்து வட்டாரத்துக்கும் பூ மாதிரி தெளிக்கிறது பிரயோசனம். சுத்தி பன்னம், காட்டு இஞ்சி, என்னவாவது நெருக்கமா வளர விடுங்க. தனியா நிக்கிற நெலு எப்பவும் பாவமாத்தான் நிக்கும். கவ்வாத்து வேணாம், ஒசரம் போகட்டும்.

கட்டிங்ல வளக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. பூக்காத இளஞ்செடியோட கொம்புல, கணுவுக்கு கீழ வெட்டி, கணுவ மண்ணுக்குள்ள வச்சு, பொலித்தீன் கூடாரம் போட்டா வேர் பிடிக்கும், இந்தக் குடும்பத்துச் செடி கணுவுல வேர் விடுறதுக்கு சுணங்காது. ஆனா பத்து வருஷ செடியில எடுத்த கட்டிங் புதுசா கணக்க ஆரம்பிக்குமா, இல்ல தாயோட வயசயே தூக்கிகிட்டு வருமா? மூங்கில்ல தாயோட கணக்குத்தான் ஓடும்னு சொல்றாங்க, நெலுவுலயும் அப்படித்தான் இருக்கும்னு என் ஊகம், ஊகம் மட்டும்தான். 2025ல பூத்த பெரிய செடிகள வச்சு அந்தக் கேள்வியே உங்களுக்கு வராது, அதெல்லாம் பூத்துட்டு காஞ்சு போற செடி. பூத்து முடிஞ்ச சில மாசத்துல விதை முத்தும். விதையில இருந்து ஆரம்பிக்கணும்னா பன்னெண்டு வருஷத்துல அதுதான் நேரம்.

எங்க எடுக்கிறதுங்கிறது தனி விஷயம். நீங்க எந்த இடத்துல பிடுங்கினீங்கன்னு நான் கேக்கல, நீங்களும் இங்க எழுத வேணாம். ஆனா ஹோட்டன் சமவெளி 1988ல இருந்து தேசிய பூங்கா, 2010ல இருந்து மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியல்லயும் சேர்ந்தது. அங்க செடியும் பூவும் விதையும் எதுவும் எடுக்கக் கூடாது, வனஜீவராசிகள் திணைக்களம் பிடிச்சா கோர்ட்டுதான். ஒரு கொத்துதானேன்னு தோணும். பூத்த காலத்துல ஒரு நாளைக்கு வர்ற கூட்டத்த நினைச்சுப் பாருங்க, ஆளுக்கு ஒரு கொத்துன்னா பாதையோரம் விதை விழுறதுக்கே மிச்சம் இருக்காது, அந்த விதைதான் அடுத்த பன்னெண்டு வருஷத்துக்கு உள்ள காடு. தெரிஞ்ச தோட்டத்துல காட்டோரம் இருந்தா தொரகிட்டயோ ஆபிஸ்லயோ கேட்டு, அங்கயும் அது ஒதுக்குக் காடான்னு விசாரிச்சுட்டு எடுங்க. இல்லாட்டி ஹக்கல பூந்தோட்டத்துல போய் பேசிப் பாருங்க, 1861ல சிங்கோனா மரத்துக்காக ஆரம்பிச்ச இடம், இந்த மலைச் செடிகள தெரிஞ்ச ஆளுங்க அங்க இருப்பாங்க. நுவரெலியா ரோட்டுல இருக்கிற நர்சரிகள்ல ஊதா இலைச் செடி ஒன்ன காட்டி நெலுன்னு குடுத்தா வாங்காதீங்க, அது பர்மாப் பக்கத்துல இருந்து வந்த அலங்காரச் செடி, குடும்பம் ஒன்னுதான், ஆனா நெலு இல்ல.

இவ்வளவும் வாசிச்சுட்டு, பன்னெண்டு வருஷம் யாருக்கு காத்திருக்க முடியும்னு நினைச்சீங்கன்னா அதுலயும் நியாயம் இருக்கு. உங்க முன்வாசல் வெயிலுக்கு ஏத்த, ஒசரமான, நம்ம மலையில தானா வளர்ற பூ வேணும்னா காட்டுப்புகையிலைய பாருங்க. பேருதான் புகையிலை, இலை அது மாதிரி நீளமா பெருசா இருக்கிறதால. லொபீலியா சாதி. ரோடு வெட்டின மண் கரை, புல்லு மலை, வெயில் நல்லா படுற சரிவு, இதுதான் அதோட வீடு. உங்க உயரமும் அதுக்கு ஒத்துவரும். தண்டு உள்ள கூடா, ஆள விட ஒசரமா போய் உச்சியில வெள்ளைப் பூ நீளக் கதிரா வைக்கும், தூரத்துல இருந்து பார்த்தா மலையில யாரோ மெழுகுதிரி குத்தி வச்ச மாதிரி. விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணுல புதைக்கவே கூடாது, மேல தூவி லேசா அமத்தி விட்டுடுங்க, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். ஆனா ஒன்னு கட்டாயம் சொல்லணும், அது விஷச் செடி. ஒடிச்சா வர்ற பால் தோலுல எரியும், இலைய தின்னா வாந்தி மயக்கம்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம், மாடு கூட அத தொடாது. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கிறதா எழுதியிருக்கீங்க, அப்படின்னா வாசல் படிக்கு பக்கத்துல வேணாம், வேலிக்கு அந்தப் பக்கம் கரையில வைங்க, கைல உறை போட்டுகிட்டு வேலை பாருங்க.

நெலுதான் வேணும்னு நின்னீங்கன்னா முதல்ல இந்த வேலைய செய்ங்க. உங்க வீட்டு பின்பக்கம் எந்தத் திசை, காலை எத்தன மணிக்கு வெயில் போகுது, காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதுன்னு ஒரு நாள் பார்த்து எழுதுங்க. காஞ்ச அந்தச் செடிய இன்னும் வீசலன்னா தண்டுல கணுவையும், கிடைச்சா ஒரு மொட்டுக் கொத்தையும் கிட்ட வச்சு படம் எடுத்து போடுங்க, என்ன வகைன்னு நிச்சயமா சொல்ல முடியாட்டியும் ஒட்டுற வகையா ஒட்டாத வகையான்னாவது பார்ப்போம். அந்த ரோஸ் பாத்தி மண்ண மட்டும் இதுக்கு எடுத்துடாதீங்க.